கேமிங் லேப்டாப்: இப்போதே வாங்குவதா, விலை இறங்கும்வரை காத்திருப்பதா?

பாலிக் புலாவ் - எஸ்பிஎம் முடித்து மேல்படிப்புக்குப் போகும் மகன் கேமிங் லேப்டாப் கேட்கிறான். சாதாரண மாடலே நாலாயிரம் ரிங்கிட் அளவில் இருக்கிறது. மலையைத் தாண்டிப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தந்தைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், அது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

"கொஞ்சம் பொறு ஐயா, விலை இறங்கட்டும்" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். மின்னியல் பொருள்களைப் பொறுத்தவரை அது நல்ல பதிலாகவே இருந்து வந்தது. ஆனால், 2025-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நிலைமை மாறிவிட்டது.

உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அதிக விலை கொடுத்து வாங்குவதால், அவை தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியுள்ளன. கணினிக்கான ரேம் குறைந்தது. சில மாதங்களிலேயே பல ரேம்களின் சில்லறை விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பரில், பொதுப் பயனீட்டாளர்களுக்கான தனது குருஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக மைக்ரோன் அறிவித்தது. அதே மைக்ரோனுக்குப் பினாங்கின் பத்து காவானில் ஆலை உண்டு. நம் பிள்ளைகள் பலர் இத்தொழிலில்தான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் கடையில் விலை நமக்கென்று இறங்காது.

புதிய சில்லு ஆலையைக் கட்டி உற்பத்தியைத் தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே, இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால் விலை இறங்கும் என்று கணக்குப் போடுவதற்கு அடிப்படை இல்லை.

அதற்காக எல்லாரும் இன்றே கடைக்கு ஓட வேண்டும் என்பதல்ல. முதலில் பிள்ளையின் படிப்பைக் கேளுங்கள். பொறியியல் வரைபடம், அனிமேஷன், காணொளித் தொகுப்பு போன்ற பாடங்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் சில்லு உதவும். கணக்கியல், தாதிமை, ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்குச் சாதாரண லேப்டாப் போதும். விளையாட்டுக்கு மட்டும் என்றால், இருக்கும் கணினியை இன்னும் ஓர் ஆண்டு ஓட்டலாம்.

படிப்புக்குத் தேவை, கையில் பணமும் இருக்கிறது என்றால் தள்ளிப் போட வேண்டாம். புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முந்தைய 40 வரிசையும் மாணவர்களுக்குத் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "8 ஜிபி ரேமோடு மலிவாக வாங்கு, பிறகு கூட்டிக்கொள்" என்பது பழைய யோசனை. இப்போது அப்படிக் கூட்டுவதுதான் செலவு. தொடக்கத்திலேயே 16 ஜிபி இருப்பதை வாங்குவது நல்லது. ரேமைப் பின்னர் மாற்ற முடியுமா, பலகையோடு ஒட்டியதா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வரிச் சலுகை பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 ரிங்கிட்டில் கணினியும் அடங்கும். பிள்ளைக்கு வாங்கினாலும் பொருந்தும். ஆனால், அந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. 11 விழுக்காட்டு வரி வரம்பில் இருப்பவருக்கு அதிகபட்சம் 275 ரிங்கிட் மிச்சமாகும். மாதம் 1,700 ரிங்கிட் மட்டுமே வாங்குபவர் வரியே கட்டத் தேவையில்லாததால், அவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. கடைக்காரர் சொல்லும் "வரிச் சலுகை"யை நம்பிப் பட்ஜெட்டைக் கூட்ட வேண்டாம்.

தவணையில் எடுப்பதானால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், கடைசியில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் கடன் வாங்கினால், மிச்சப்படுத்த நினைத்த பணம் வட்டியிலும் தாமதக் கட்டணத்திலும் போய்விடும்.

வீட்டில் இதை மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்த மென்பொருள் தேவை என்று கல்லூரியிலேயே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், தேவைக்கு மேல் ஒரு ரிங்கிட்டும் கொடுக்க வேண்டியிராது.