மூக்குக்கேற்ற முகமூடி

குறட்டை விடுபவனைக் கண்டு நகைப்பது நம்மவர் வழக்கம். கும்பகர்ணன் என்று அவனுக்குப் பட்டஞ் சூட்டுவர். கல்யாண வீடுகளில் அவனைத் திண்ணையிலே தனியே கிடத்திவிட்டு ஏனையோர் தூரப் போய்ப் படுத்துக் கொள்வர். ஆனால் அந்தக் குறட்டை இடைநடுவே திடீரென்று நின்று போவதையும், சில கணங்கள் கழித்துப் பெருந்திணறலோடு மீண்டும் எழுவதையும் கேட்டுக்கொண்டு இருளிலே கண்விழித்துக் கிடப்பவள் அவன் மனைவி ஒருத்தியே. அவளுக்கு அது நகைப்புக்குரிய பொருளன்று.

அத்தகைய அம்மையார் ஒருவர் சென்ற மாதம் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஊரும் பேரும் இங்கு வேண்டா. அவருடைய கணவர் வடக்கிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் லொறிச் சாரதி. பகலிலே சாரதி ஆசனத்தில் இருந்தபடியே கண் சொருகத் தொடங்கியதும் அஞ்சி வைத்தியரிடம் சென்றிருக்கிறார்கள். நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய், அதாவது ‘ஸ்லீப் அப்னியா’ என்று வைத்தியர் கண்டறிந்து, இரவுதோறும் காற்றழுத்த யந்திரம் பொருத்தி உறங்கும்படி விதித்திருக்கிறார். அம்மையார் தமது காப்புகளை அடகு வைத்து அந்த யந்திரத்தை வாங்கினார். நான்காம் இரவோடு அது கட்டிலின் கீழே போய்விட்டது. முகத்தைக் கட்டிப்போட்டால் மனிதன் உறங்குவது எங்ஙனம் என்பது கணவரின் வாதம். போதாக்குறைக்கு, குழாயும் முகமூடியுமாய் அவரைக் கண்ட பிள்ளைகள், “அப்பா பிள்ளையார் மாதிரி இருக்கிறார்” என்று சிரித்தும் விட்டார்கள். ‘இந்த வைத்தியம் இவருக்குச் சரிவராதோ? யந்திரத்தை விற்றுக் காப்பை மீட்கலாமோ?’ என்று அம்மையார் கேட்கிறார்.

விற்க வேண்டா, அம்மா. சரிவராதது வைத்தியமன்று, முகமூடியே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு முதற் கிழமையிலேயே யந்திரத்தை மூலையில் வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். காலுக்குச் செருப்புக் கடித்தால் வேறு செருப்பு வாங்குவோமன்றி நடப்பதையே விட்டுவிடுவோமா?

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நித்திரையிலே தொண்டையின் தசைகளும் நாவின் அடியும் தளர்ந்து சரிகின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையை முற்றாகவே அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உட்செல்வதில்லை. இரத்தத்திலே பிராணவாயு குறைகின்றது. மூளை கலவரமுற்று உறங்குபவனை அரைகுறையாக எழுப்ப, பாதை திறக்கின்றது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. மணித்தியாலத்துக்கு 30 தடவைக்கு மேல் இவ்வாறு நிகழின் நோய் கடுமையானதென்பர். ஏழு மணித்தியால நித்திரையிலே 200 தடவைக்கு மேல் என்று கணக்கிட்டுப் பாருங்கள்! காலைத் தலைவலியும், பகலயர்வும், உயர் இரத்த அழுத்தமும் இவ்வழியே வருவன. நோயாளி சாரதியாயின் ஆபத்து அவரோடு நில்லாது; வீதியிலே செல்லும் எல்லோரையும் அது சாரும்.

இதற்குரிய யந்திரம் செய்யும் வேலை மிக எளியது. அறையிலுள்ள காற்றை உள்வாங்கிச் சிறிதளவு அழுத்தத்தோடு மூக்கினுள்ளே செலுத்துகின்றது. அந்தக் காற்று, சரியப் பார்க்கும் தொண்டைச் சுவரை உள்ளிருந்தே தாங்கி நிற்கின்றது. அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீருயரத்துக்குள் அமையும். பிராணவாயுச் சிலிண்டர் போன்றதொன்று என்று பலர் எண்ணுகின்றனர், அன்று. அதில் மருந்துமில்லை, வாயுவுமில்லை. காற்று மட்டுமே உண்டு. அந்தக் காற்று வழியிலே கசிந்து போகாமல் மூக்கினுள் சேர்ப்பிக்கும் பொறுப்பு முகமூடியைச் சார்ந்தது.

இதனைக் கண்டுபிடித்த வரலாறு மாணவர்கள் அறிந்திருக்கத் தக்கது. 1980 வரையில் இந்நோய் முற்றியவர்களுக்கு நிச்சயமான பரிகாரமாக இருந்தது கழுத்திலே துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு வேறு வாயில் அமைக்கும் சத்திர சிகிச்சையே. அவ்வாண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், றோயல் பிரின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையிலே பணியாற்றிய கொலின் சலிவன் என்னும் வைத்தியரிடம் வந்த நோயாளி ஒருவர், அத்துளையை விரும்பாமல் வேறெந்தப் பரிசோதனைக்கும் இசைந்தார். சலிவன் காற்றூதி ஒன்றைக் கொண்டு அவருடைய மூக்கினுள்ளே காற்றைச் செலுத்தினார். மூச்சு ஓரிரவு முழுவதும் தடையின்றி ஓடியது. இம்முறையினால் ஐந்து நோயாளர் பெற்ற பயனை 1981இல் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர்.

இனித்தான் எமது பொருளுக்கு வருகிறோம். காற்றூதுவது பெரிய காரியமன்று. தூசு உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரே அந்நாளில் அதற்குப் போதுமானதாயிருந்தது. மூக்கோடு அதனைப் பொருத்துவதே பெரும்பாடு. தொடக்கத்தில் நாசித் துவாரங்களிலே மென்குழாய்களைச் செருகி, சுற்றிவர விரைவிலே இறுகும் சிலிக்கன் பசையிட்டு அடைத்தார்கள். பின்னர் ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் சுண்ணச்சாந்திலே அச்செடுத்து, அந்த அச்சின்மேல் முகமூடி வார்த்தார்கள். இரவுதோறும் அதனைப் பசையிட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையிலே பிய்த்தெடுக்க வேண்டும். அவ்வளவு தொல்லையையும் பொறுத்துப் பலர் அதனை வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள் என்றால், அவர்கள் பெற்ற நித்திரையின் அருமையை நாமே உணர்ந்து கொள்ளலாம். ஆயினும் அந்தப் பழைய முகமூடிக்கு ஒரு சிறப்பு இருந்தது. அது ஒரேயொரு மூக்குக்கென்று செய்யப்பட்டது. இன்றைய முகமூடியோ சிறிது, நடுத்தரம், பெரிது எனத் தொழிற்சாலையிலே ஆயிரமாயிரமாக வார்க்கப்படுவது. அன்று முகமூடி மூக்கைத் தேடி வந்தது. இன்று மூக்குத்தான் தனக்குரிய முகமூடியைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தேடலையே பலர் செய்வதில்லை. பெட்டியோடு வந்ததை மாட்டிக் கொள்கின்றனர்.

நாமும் சில ஆண்டுகளாக இம்முகமூடியணிந்து உறங்குபவர்களே. எமக்கு முதலில் விற்ற கடைக்காரர், எம்மை நாற்காலியில் நிமிர்ந்திருக்கச் செய்து, யந்திரத்தை ஓடவிடாமலே, நடுத்தர அளவொன்றை முகத்தில் வைத்துப் பார்த்து, “சரியாயிருக்கிறது, ஐயா” என்று பட்டியை இறுக்கி அனுப்பிவிட்டார். நாற்காலியில் அது சரியாய்த்தான் இருந்தது. படுக்கையில் மல்லாந்ததும் கன்னத்துத் தசை பின்னோக்கிச் சரிய, மூக்கின் இருமருங்கும் காற்றுச் சீறிக் கண்ணிலே வீசிற்று. முகம் நிமிர்ந்திருக்கும்போது ஒரு வடிவம், படுத்திருக்கும்போது வேறொரு வடிவம். ஆகவே முகமூடியைத் தெரிவு செய்பவர் படுத்து, தமக்கு விதித்த அழுத்தத்திலே யந்திரத்தை ஓடவிட்டு, இடமும் வலமும் திரும்பிப் பார்த்த பின்னரே இசைய வேண்டும். கடையிலே கட்டிலில்லை என்பார்களாயின், கட்டிலுள்ள சிகிச்சை நிலையத்தை நாடுவதே அறிவுடைமை.

முகமூடியில் மூன்று வகையுண்டு. நாசித் துவாரங்களின் வாயிலே மட்டும் பொருந்துவது ஒன்று. மூக்கை மூடுவது மற்றொன்று. மூக்கையும் வாயையும் ஒருங்கே மூடுவது மூன்றாவது. பெரியதே பாதுகாப்பானது என்று எண்ணி மூன்றாவதைக் கேட்டு வாங்குவோர் உளர். மூக்கால் மூச்சுவிட இயலுமாயின் முதலிரண்டில் ஒன்றோடு தொடங்குவதே பெரும்பாலார்க்கு நலம் என்பது வைத்தியர்களின் பொதுவான ஆலோசனை. விளிம்பு நீளமாக நீளமாகக் காற்றுக் கசியும் இடமும் மிகுதியன்றோ? எமது கல்லூரியிலே அடர்ந்த மீசையுடைய ஆசிரியர் ஒருவர் மூக்கை மூடும் வகையோடு மல்லாடியபின், துவாரங்களிலே பொருந்துவதற்கு மாறினார். மீசையும் தப்பியது, நித்திரையும் கிடைத்தது. மூக்கடைப்பினால் வாயைத் திறந்து உறங்குபவர், முகமூடியை மாற்றுமுன் அந்த மூக்கடைப்பை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அடுத்தது பட்டி. காற்றுக் கசிந்தால் பட்டியை இறுக்குவதே எவர்க்கும் முதலிற் தோன்றும் யோசனை. அது பெரும்பாலும் தவறானது. முகமூடியின் சிலிக்கன் மெத்தை, உட்புறத்துக் காற்றினால் மெல்ல உப்பி முகத்தோடு படியும்படி அமைக்கப்பட்டது. பட்டியை இறுக்கினால் மெத்தை நசுங்கி மடிகின்றது. மடிப்பின் வழியே காற்றுப் பின்னும் கசிகின்றது. மூக்கின் மேட்டிலே புண்ணும் உண்டாகின்றது. பட்டியைத் தளர்த்தி, யந்திரத்தை ஓடவிட்டு, முகமூடியை முகத்திலிருந்து சற்றே தூக்கி, மெத்தை உப்பியதும் மெதுவாக இருத்தி, பின்னர் இருபுறமும் சமமாகச் சிறிது சிறிதாக இழுத்துக் கசிவு நின்ற இடத்திலே நிறுத்திக் கொள்க. தளர்வாகவே வைத்தும் கசியவில்லையெனின் அளவு பொருந்திற்று. இறுக்கினாலன்றி நிற்காதெனின் அது உம்முடைய மூக்குக்குரியதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகமூடியின் முன்புறத்திலே சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே எப்பொழுதும் காற்று மெல்லச் சீறிக்கொண்டிருக்கும். நாம் வெளிவிடும் அசுத்தக் காற்று வெளியேறும் வழி அதுவே. இதைக் கசிவென்று கருதி நாடாவினால் ஒட்டி அடைத்துவிடலாகாது. சில முகமூடிகளின் கொளுவிகளிலே காந்தம் வைத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி போன்றவற்றை உடம்பினுள்ளே பொருத்தியவர்களும், அவர்களோடு ஒரே படுக்கையில் உறங்குவோரும் காந்தமில்லாதவற்றையே தெரிந்து கொள்ளல் வேண்டும்.

நமது வீடுகளுக்கே உரிய இடையூறு எண்ணெய். தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகிய நாளின் இரவிலே முகமூடி வழுக்கிக்கொண்டே இருக்கும். நெற்றியிலே திருநீறு இருக்கட்டும். கன்னத்திலும் மூக்கிலும் எண்ணெய்ப் பசை வேண்டா. படுக்குமுன் சவர்க்காரமிட்டு முகத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டால் பாதிக் கசிவு குறையும்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தை மூடியதும் மூச்சு முட்டுவதாக உணர்தல் கோழைத்தனமன்று, உடம்பின் இயல்பே. இதற்கு இரவிலே போராடுவதால் பயனில்லை. பகலிலே, விழித்திருக்கும்போது பழக வேண்டும். முதல் நாள் பட்டியில்லாமல் கையாலே பிடித்து, காற்றோடு ஐந்து நிமிடம். மறுநாள் பட்டியோடு. பின்னர் பத்திரிகை வாசித்துக்கொண்டோ வானொலி கேட்டுக்கொண்டோ அரை மணித்தியாலம். பல யந்திரங்களிலே காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் ஏற்பாடும் உண்டு; அதனை வைத்தியரிடமோ விற்றவரிடமோ கேட்டு அமைத்துக் கொள்ளலாம். அம்மையாரின் கணவர் இவற்றுள் ஒன்றையேனும் செய்து பார்த்தாரா என்பது கடிதத்திலே இல்லை. அவர் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. யந்திரத்தையும் முகமூடியையும் எடுத்துக் கொண்டு விதித்த வைத்தியரிடமே திரும்பிச் செல்ல வேண்டும். அந்நான்கு இரவும் எத்தனை மணித்தியாலம் பாவித்தார், காற்று எவ்வளவு கசிந்தது என்பனவற்றை இக்காலத்து யந்திரங்கள் தாமே பதிந்து வைத்திருக்கின்றன. அதைப் பார்த்தால் அளவு பிழையா, வகை பிழையா என்பது தெளிவாகும். அதுவரையில் அவர் இரவுப் பயணத்தை மற்றொரு சாரதியிடம் ஒப்படைப்பாராக. வருமானம் குறையுமென்பது எமக்குத் தெரியாததன்று. பிள்ளைகளைப் பொறுத்தவரை, முகமூடியை அவர்கள் கையிலே கொடுத்துப் பார்க்க விடுங்கள், அம்மா. இரண்டு நாளிலே அவர்களே அப்பாவுக்குக் குழாய் பொருத்திக் கொடுப்பார்கள்.

மின்சாரம் நின்றால் மூச்சடைத்துப் போகாதோ என்று கேட்போர் உளர். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாடாதலின் இக்கேள்வி நியாயமானதே. மூக்கு முகமூடி அணிந்தவர் வாயைத் திறந்து மூச்சுவிடலாம். வாயையும் மூடும் வகையிலே, காற்று நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு அமைந்திருக்கின்றது. வாங்கும்போது அது திறக்கின்றதா என்று பார்த்துக் கொள்ளவும்.

தொண்டையும் மூக்கும் வறண்டால் யந்திரத்தோடு சேர்ந்த நீர்த்தொட்டியைப் பாவிக்கலாம். அதற்குக் காய்ச்சி வடித்த நீரே தகும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வருவது; சில நாட்களிலேயே தொட்டியின் அடியில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். மெத்தையை நாள்தோறும் காலையில் மென்மையான சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு கழுவி நிழலிலே உலர்த்துக. வெயிலிலே காயப்போட்டால் சிலிக்கன் விரைவிலே பழுதாகும். எவ்வளவு பேணினும் சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். அப்பொழுது முழு முகமூடியையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு மெத்தையை மட்டும் தனியே விற்கிறார்கள். பழைய மெத்தையில் பொறித்துள்ள அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் சென்றால் போதும்.