சீனியர் போனார், கோடும் போச்சு

போன செமஸ்டர் நடுவில் ஒரு நாள் காலையில் நம்ம மின்னிதழ் தளத்தைத் திறந்தால், தளத்தில் கடுமையான பிழை என்று ஒரே ஒரு வரி. கட்டுரை, படம் எதுவும் இல்லை. சிம்போசியத்துக்கு நாலே நாள். சிறப்பிதழ் முழுசாக ரெடியாகி ஏற்றுவதற்காகக் காத்திருந்தது.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் மூன்று பேர் உட்கார்ந்து தோண்டினோம். கட்டுரைக்குக் கீழே எழுதியவரின் துறை, ஆண்டு, படம் எல்லாம் ஒரு பெட்டியில் வருமே, அதற்காக ஒரு சீனியர் முன்பு எழுதிய நீட்சிதான் காரணம். நீட்சி என்றால் வேறொன்றுமில்லை, நாம் ப்ளகின் என்று சொல்வதுதான். அதில் 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய பிஎச்பி வசதி ஒரே ஒரு வரியில் இருந்தது. 2017-ல் பிஎச்பி 7.2 வந்தபோதே அதை இனிமேல் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்துவிட்டார்கள். 2020-ல் பிஎச்பி 8-ல் முழுசாகத் தூக்கிவிட்டார்கள். நம்ம ஹோஸ்டிங்காரர் பிஎச்பியை மாற்றினார், அந்த ஒரு வரி மொத்தத் தளத்தையும் படுக்க வைத்தது.

சரிசெய்ய ஆனது பத்து நிமிஷம். கண்டுபிடிக்க ஆனது ஒரு ராத்திரி. ஏனென்றால் அந்த நீட்சியைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட எழுதிவைக்கப்படவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே சீனியர் பாமினி எழுத்துருவை யூனிகோடாக மாற்ற ஒரு கருவியும் எழுதியிருந்தார். இன்றைக்கும் சிலர் பாமினியில் தட்டச்சு செய்துதான் கட்டுரை தருகிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அவர் இருந்தவரை அவரே மாற்றிக் கொடுத்துவிடுவார். தேடிப்பிடித்துப் போன் போட்டுக் கேட்டோம். "தம்பி, அந்த லேப்டாப்பை வித்தே ரெண்டு வருஷம் ஆச்சுப்பா" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இதே மாதிரி இன்னொரு கதை. 2000-களின் தொடக்கத்தில் பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. எழுதியவர் மிஷல் வால்ட்ரிகி. ஒரு கட்டத்தில் அவர் ஒதுங்கிக்கொள்ள, வேலை நின்றுபோனது. அதைப் பயன்படுத்தி வந்த மேட் முல்லன்வெக் என்ற மாணவருக்கு அப்போது 19 வயது. இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலுடன் சேர்ந்து பி2-வின் கோடை எடுத்து மேலே கொண்டுபோனார். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. அதுதான் வேர்ட்பிரஸ். மறு வருஷமே, 1.2 பதிப்பில், நீட்சிகளைச் செருகும் வசதி வந்தது.

இரண்டு கதையிலும் எழுதியவர் போய்விட்டார். ஒன்றில் கோடும் போச்சு, இன்னொன்றில் கோடு பிழைத்தது. வித்தியாசம் திறமையில் இல்லை. பி2 ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகியிருந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அதே உரிமத்தில் மறுபடி கொடுக்கலாம். அனுமதி கேட்க ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், நம்ம இதழுக்காக எழுதிய நீட்சிகளை ஒரே தொகுப்பாகத் திறந்த மூலத்தில் வெளியிட வேண்டும். இந்த செமஸ்டர் முடிவதற்குள், நாங்கள் ஃபைனல் இயர் போவதற்கு முன்பே.

தொகுப்பு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்றே மூன்று நீட்சிகள். ஒன்று அந்த எழுத்தாளர் பெட்டி, பழைய வரியை நீக்கியது. இரண்டாவது பாமினி மாற்றி. இதை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. பாமினியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். 'கொ', 'கோ' வரும்போது ஒரு குறி முன்னாலும் ஒரு குறி பின்னாலும் நிற்கும், அதை ஒன்று சேர்க்க வேண்டும். இதற்கே எங்களுக்கு இரண்டு வாரம் ஓடிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வேர்ட்பிரஸ் தலைப்பை வைத்தே பக்கத்தின் முகவரியை உருவாக்கும். அதற்கு 200 குறி வரைதான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட் மூன்று குறியாக மாறும். ஆக, நம்ம ஒரு குறிக்கு ஒன்பது இடம் போய்விடும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக ஒன்பது. மொத்தம் 22 குறிதான் தேறும். 'எங்கள் கல்லூரியில் முதல் மழை' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். 'முதல்' முடியும்போது சரியாக 200 ஆகிவிடும். மழைக்கு உள்ளே இடமில்லை, வெளியிலேயே நின்றுவிடும். இன்னும் மோசம், சில தலைப்புகளில் புள்ளியை மட்டும் வெட்டிவிடும், 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். எங்கள் நீட்சி முகவரிக்கு ஒரு சின்ன ஆங்கில வடிவத்தைத் தானே பரிந்துரைக்கும். இது நம்ம தளத்தின் பிரச்சினை மட்டுமா? வேர்ட்பிரஸில் தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இதே தலைவலிதான்.

வெளியிடலாம் என்றதும் குழுவில் மூன்று மறுப்பு வந்தது.

"கோடு அசிங்கமா இருக்குடா, மானம் போயிடும்." வேர்ட்பிரஸோடு கூடவே வந்த 'ஹலோ டாலி' நீட்சியைத் திறந்து பாருங்கள். நூறு வரி சொச்சம். ஒரு பாட்டின் வரிகளில் ஏதோ ஒன்றை மேலே காட்டும், வேறு ஒன்றும் செய்யாது. எத்தனையோ பேர் நீட்சி எழுதக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். கோடு எளிமையாக இருந்தால் படிக்கிறவனுக்கு லாபம்.

"யாராவது சுட்டுட்டுப் போயி புராஜெக்ட்டா காட்டிடுவான்." காட்டட்டுமே. தேதியோடும் பெயரோடும் மொத்த வரலாறும் கிட்ஹப்பில் இருக்கும். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் எல்லாம் ஸ்பைரல் பைண்டிங்கோடு துறை அலமாரியில் தூங்குகிறது. யாரும் திருடவில்லைதான், யாரும் பயன்படுத்தவும் இல்லை.

மூன்றாவது மறுப்புக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. "நாம போனதுக்கப்புறம் யாரு பாத்துக்குவா?"

இது விளையாட்டான கேள்வி இல்லை. 2017-ல் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற நீட்சி சுமார் 2 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. உருவாக்கியவர்கள் அதை வேறொருவருக்கு விற்றார்கள். புதிய சொந்தக்காரர் அப்டேட் என்ற பெயரில், தளங்களுக்குள் விளம்பரக் குப்பையைத் திணிக்கும் கோடைச் சேர்த்தார். கடைசியில் அதிகாரப்பூர்வ நீட்சிப் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். அப்டேட் பொத்தானை நம்பி அழுத்தியவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

ஆக, வெளியீடு என்றால் ஜிப் ஃபைலை ஏற்றிவிட்டு ஸ்டேட்டஸ் போடுவதோடு முடிவதில்லை. நான்கு விஷயமாவது கூடவே போக வேண்டும்.

முதலில் உரிமம். உரிமம் போடாத கோடு பொதுச்சொத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே, அடுத்தவர் தொட முடியாது. வேர்ட்பிரஸின் பட்டியலில் இடம் வேண்டுமானாலும் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் உரிமம் கட்டாயம்.

அடுத்தது ரீட்மீ. எதற்கு, எப்படி நிறுவுவது, எந்தப் பதிப்பு வரை சோதித்தோம், எது இன்னும் வேலை செய்யவில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் எங்கள் ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது, மூன்றும் தனித்தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும். முகவரி நீட்சி மட்டும் போதும் என்பவர் எழுத்தாளர் பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. ஒன்று உடைந்தாலும் மற்றது ஓடும்.

நான்காவது சாவி. கணக்கு ஒருவரின் சொந்த மெயிலில் இருக்கக் கூடாது. இதழின் பெயரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஆசிரியர் குழு மாறும்போது இரண்டாம் ஆண்டு மாணவர் இரண்டு பேருக்குக் கைமாற வேண்டும். ஒரு வருஷம் யாருமே கிடைக்கவில்லை என்றால் "இனிப் பராமரிப்பு இல்லை" என்று முதல் வரியில் நேர்மையாக எழுதிவிட வேண்டும். அப்படி எழுதிவைத்தாலும் உரிமம் செத்துப்போகாது. எங்கேயோ இருக்கும் ஒரு 19 வயசுக்காரர் எடுத்துக்கொள்ளலாம்.

துறை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மினி புராஜெக்ட்டுக்குப் புதுத் தலைப்பு கேட்கிறீர்கள். சீனியரின் கோடை எடுத்து இரண்டு பிழையைத் திருத்தினேன் என்று ஒருவர் வந்தால், அதற்கும் மார்க் போடுங்கள் சார். வேலைக்குப் போனால் முதல் நாளே செய்யப்போவது அதைத்தான்.

மூன்று நீட்சியும் கிட்டத்தட்டத் தயார். ரீட்மீ எழுத ஆள் வேண்டும், பாமினி மாற்றியைச் சோதிக்கப் பழைய கட்டுரைகள் வேண்டும். கோடு எழுதத் தெரியாதவர்களும் வரலாம். வருகிற சனிக்கிழமை மாலை, லேப் மூடியதும் இதழ் அறையில் இருப்போம். இரண்டாம் ஆண்டுக்காரர்கள் கட்டாயம் வாங்க. சாவி உங்களுக்குத்தான்.