எந்தத் துறை?

கொஞ்ச காலமாக ‘பல்துறை ஆய்வு’ என்கிற சொல் நம் கல்வி வட்டாரங்களில் உலவி வருகிறது. மனிதனையும் அவன் நிலத்தையும் சேர்த்து ஆராய முனைவர் பட்ட இடங்கள், உதவித்தொகை, இரண்டு நெறியாளர்கள். நல்ல விஷயம்தான். நடப்பது என்ன? தமிழ்த்துறைக்காரர் முதல், கரு, உரி என்று ஓர் அத்தியாயம் தருகிறார். புவியியல்காரர் செயற்கைக்கோள் படம் தருகிறார். நடுவில் மாணவன் பசை தடவுகிறான். இரண்டு அறியாமைகளை ஒரே அட்டைக்குள் தைத்தால் அறிவாகிவிடுமா?

திணைக்குள் துறை அடங்கும் என்பது பழைய இலக்கணம். நம் ஸ்தாபனங்களில் துறைக்குள் திணை அடங்கியாக வேண்டும்.

தி. நகரை எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ‘லாங் டேங்க்’ ஏரியை வடித்துத் தூர்த்து 1920களில் எழுப்பிய பேட்டை அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 2021 நவம்பரில் மழைத் தண்ணீர் அந்தத் தெருக்களில் நாட்கணக்கில் நின்றது. இந்த ஏரி யாருடைய பாடம்? சரித்திரக்காரருக்கு அது 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம். பொறியியல்காரருக்கு வடிகாலின் கொள்ளளவு. பொருளாதாரக்காரருக்கு ரங்கநாதன் தெரு வியாபாரம். ஏரியின்கீழ் பயிர் வைத்தவர்கள் எங்கே போனார்கள், மதகுக்கும் கலங்கலுக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்கிற கேள்விக்கு எந்தக் கதவும் திறக்காது. இத்தனைக்கும் திணைக் கேள்வி அதுதான்.

மயிலாப்பூர் கோயிலிலிருந்து நொச்சிக்குப்பம் நடக்கிற தூரம். நெய்தலை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை நடந்திருப்பார்கள்? அந்தக் கரையில் காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்று பெயர்கள் உண்டு. நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி. வலை போடுவதா வேண்டாமா என்பதை இவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நம்மவருக்கு ‘இரங்கல்’ போதும். கடலியல்காரரும் அங்கே வருகிறார், கருவியோடு. அவருடைய ஆங்கில ஆய்வேட்டில் இந்தப் பெயர்களுக்குக் கிடைப்பது சாய்வெழுத்து. சொன்னவனுக்குக் கிடைப்பது நன்றியுரையில் ‘உள்ளூர் மீனவர்கள்’ என்கிற இரண்டு வார்த்தை.

முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் ஆய்வு செய்தார்கள். தாம்ஸன் கிரேக்கப் பேராசிரியர். சங்கக் கவிதையைச் சமூகத்தோடு வைத்துப் பார்க்க ஈழத்துத் தமிழர் இருவருக்கு ஒரு கிரேக்கப் பேராசிரியர்தான் வாய்த்தார் என்பதை நம் தமிழ்த்துறைகள் யோசித்துப் பார்க்கலாம். 1974இல் சிவத்தம்பி திணைக் கோட்பாட்டைப் பொருளாதாரத்தோடு இணைத்து எழுதிய கட்டுரையில் எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு பழையபடி அட்டவணை போட்டுக்கொண்டிருக்க முடியாது. போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது’ என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள். இருக்கட்டும் ஐயா. பள்ளிக்கரணைச் சதுப்பு எந்தத் திணை? மருதமா, நெய்தலா? 2022இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள்; அதற்கு முன் வருஷக்கணக்காக நகரத்தின் குப்பையை அதன் மடியில்தான் கொட்டினோம். பெருங்குடிக் குப்பைமேடு கருப்பொருளில் சேருமா? அதைக் கிளறிப் பிழைத்தவர்களின் உரிப்பொருள் எது? இதற்குப் பதில் தேடுகிறவன்தான் தொல்காப்பியம் படிக்கிறான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். எங்கே என்பது முக்கியமில்லை. அடையாற்றங்கரைச் சலவைத் தொழிலாளர்களையும் ஆற்று நீரையும் பற்றி எழுதியிருந்தான் பையன். உவர்மண், வெள்ளாவி, தண்ணீர் கெட்ட விதம், படித்துறை போய்க் குழாயடி வந்தது எல்லாம் இருந்தது. தேர்வாளர் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இது எந்தத் துறையப்பா?”

“வண்ணாந்துறை, சார்.”

அறை சிரித்தது. பெசன்ட் நகர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர். அவன் சிரிக்கவில்லை, மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துக் காட்டினான். இரண்டு அத்தியாயங்களை நீக்கிய பிறகு பட்டம் கொடுத்தார்கள். நீக்கியவற்றில் மூன்றாவதும் ஒன்று. அடுத்து வேலைக்குப் போன இடத்திலும் முதல் கேள்வி அதேதான்.