எதைக் குறைத்து மிச்சம்?

பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது வெறும் விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை; வழிமுறை வேண்டும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் அதை யாரும் கேட்கவில்லை. நகர மன்றத்துக்குச் சொந்தமான 24 மாடிக் குடியிருப்பு. புதுப்பித்தபோது வெளிச்சுவருக்குத் துத்தநாகத் தகட்டை விட்டு, நடுவே பிளாஸ்டிக் வைத்த மலிவான அலுமினியத் தகடு போட்டார்கள். மிச்சம் சுமார் 3 லட்சம் பவுண்டு. தீ ஆபத்து என்று குடியிருந்தவர்கள் முன்பே எழுதினார்கள். 2017 ஜூன் 14 தீயில் 72 பேர் போனார்கள். சிரியப் போரிலிருந்து தப்பி அகதியாக வந்த இளைஞர் ஒருவரும் அதில் உண்டு. மன்றம் ஏழையா? 2014-இல் முழு வரி கட்டியவர்களுக்கு 100 பவுண்டு திருப்பித் தந்த மன்றம்! பட்ஜெட் கூட்டத்தில் மிச்சத்துக்குக் கைதட்டும் உறுப்பினர்கள், எதைக் குறைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீடிழந்தவர்களுக்கு வேறு வீடு வாங்கவே அந்த மிச்சத்தைப்போலப் பல மடங்கு செலவானது.