பழி மட்டும் பெண்ணுக்கா?

தோட்டப் பாட்டாளி மக்களே! கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இன்று ஒரு சங்கதி பேசுவோம். எய்ட்ஸ் என்றாலே, "அது நடத்தை கெட்டவளுக்கு வர்ற நோய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அது நியாயம்தானா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1860 முதல் நம் இனத்தவர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன சீமை அது. அங்கே டர்பன் நகரை அடுத்த குவாமாஷுவில் குகு ட்லாமினி என்று ஒரு தாய் இருந்தார். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி தம் உடம்பில் இருப்பதை 1998 உலக எய்ட்ஸ் தினத்தன்று வானொலியில் ஒளிக்காமல் சொன்னார். அதே டிசம்பரில் அக்கம்பக்கத்துக் கும்பல் அவரை அடித்தே கொன்றது. ஊர் மானத்தைக் கெடுத்துவிட்டாராம்!

அந்த நாட்டில் நோய் பரவிய வழிகளில் ஒன்றைப் பாருங்கள். ஆண்கள் பிழைப்புக்காகச் சுரங்கங்களுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து விடுதிகளில் கிடந்தார்கள். அங்கே ஒட்டிய கிருமி ஊருக்குத் திரும்பியபோது மனைவியையும் தொற்றியது. புருஷனைத் தவிர வேறு ஆணை அறியாதவளும் நோயாளியானாள். 2023-இல் உலகில் இக்கிருமியோடு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 4 கோடிப் பேர். அதில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுமிகளும்தான். இத்தனை பேருமா நடத்தை கெட்டவர்கள்?

இன்னொன்றும் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார்கள். ஆகவே கிருமி முதலில் அவளிடம் தெரிகிறது. உடனே, "நீதானே வீட்டுக்குள்ள கொண்டு வந்தே?" என்று அவள் மேலேயே பழி விழுகிறது. அந்தப் பழிக்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் தாயும் கெடுவாள், பிள்ளையும் கெடும்.

பரிசோதித்துக்கொண்டால் வழி இருக்கிறது. தினமும் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட காலம் வாழலாம். பிள்ளைக்கு நோய் வராமலும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நம்முடையது!

தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இது ஒட்டாது. ஆகவே நோயுற்றவளை ஒதுக்காதீர்கள்.

ஆண்களே, மனைவியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்தால் கூடவே போங்கள். அவளுக்கு முன்னால் உங்கள் கையை நீட்டுங்கள். குடும்பத் தலைவனுக்கு அதுதான் அழகு.