எதிரணி இன்றி ஆட்டம் இல்லை

போட்டி வேறு, பகை வேறு. இரண்டும் ஒரே வாசலில் தொடங்குவதுபோல் தோன்றினும் சென்றடையும் இடம் ஒன்றன்று. போட்டியிடுகிறவன் தன் எதிரில் நிற்பவன் வலிமையோடு நிற்கவேண்டும் என்று விரும்புகிறான். பகைக்கிறவனோ அவன் இல்லாமலே ஒழியவேண்டும் என்று விரும்புகிறான். இவ்வேறுபாட்டைக் காட்ட அமெரிக்க நாட்டின் இரு பல்கலைக்கழகங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆடிவரும் ஒரு விளையாட்டை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

விளையாட்டின் பெயர் லாக்ராஸ். நம்மில் பலர் கண்டிராதது. தடியின் முனையில் ஒரு சிறு வலைப்பை இருக்கும். அதில் ரப்பர்ப் பந்தை ஏந்திக்கொண்டே ஓடுவர். தம் அணியினருக்கு எறிவர். ஆறடி உயரமும் ஆறடி அகலமும் உள்ள எதிரணியின் வலைக்குள் எறிந்து கோல் போடுவர். ஆண்களின் ஆட்டத்தில் அணிக்குப் பத்துப் பேர். ஆட்ட நேரம் அறுபது நிமிடம்.

இது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொத்து. கனடாவில் ஹ்யூரான் மக்களிடையே மறைப்பணி புரிந்த இயேசு சபைக் குரு புனித ஜான் தெ பிரெபூஃப் 1636ஆம் ஆண்டு அறிக்கையில் இதைப்பற்றி எழுதியுள்ளார். நாட்டில் நோய் பரவினால், நலம் வேண்டி இவ்வாட்டத்தை ஆடும்படி அம்மக்களின் மருத்துவர் கட்டளையிடுவது உண்டாம். பிரெஞ்சு மொழியில் ‘க்ராஸ்’ என்பது வளைந்த தடியைக் குறிக்கும். ஆயர்கள் ஏந்தும் மேய்ப்புக்கோலுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். ஒருவரையொருவர் வீழ்த்துவதற்கு மட்டுமன்றி, ஊர் முழுவதும் நலம் பெறுவதற்காகவும் ஆடப்பட்ட ஆட்டம் இது என்பதை நினைவில் கொள்வோம்.

பின்னாளில் இதற்கு நேர்ந்த ஒரு களங்கத்தையும் மறைப்பதற்கில்லை. 1867இல் மான்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இவ்வாட்டத்திற்கு விதிகளை வகுத்தார். 1880இல் கனடாவின் லாக்ராஸ் சங்கம் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லை என்ற விதியால் பழங்குடியினருக்கே கதவடைத்தது. ஆடக் கற்றுக்கொடுத்தவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள்! இரோக்குவா மக்கள் தங்கள் சொந்த அணியாக உலகப் போட்டியில் இறங்கியது 1990இல்தான். எதிரே நிற்பவனை நீக்கிவிட்டு வெல்ல நினைப்பது பகையின் வழி.

இனி மற்ற வழியைக் காண்போம். மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1876இல் தோன்றியது. அது தனியார் நிறுவனம், ஆராய்ச்சிக்குப் பேர்பெற்றது. அங்கிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் தொலைவில், காலேஜ் பார்க் என்னும் ஊரில், 1856இல் வேளாண் கல்லூரியாகப் பிறந்தது மேரிலாந்து பல்கலைக்கழகம். இது மாணவர் தொகை மிகுந்த அரசுப் பல்கலைக்கழகம். இரண்டும் லாக்ராஸ் களத்தில் முதன்முதல் சந்தித்தது 1895இல். அதன்பின் நூறு தடவைக்கு மேல் மோதியுள்ளன. மற்ற விளையாட்டுகளை மூன்றாம் பிரிவில் ஆடும் ஹாப்கின்ஸ், லாக்ராஸை மட்டும் முதற்பிரிவில் ஆடுகிறது என்றால் அவ்வாட்டத்தின்மீது அதற்குள்ள பற்றைச் சொல்லவேண்டுமோ?

1973இல் தேசியப் பட்டத்திற்கான இறுதி ஆட்டத்தில் இவ்விரு அணிகளும் எதிரெதிரே நின்றன. குறித்த நேரத்தில் முடிவு ஏற்படவில்லை. இரண்டாம் கூடுதல் நேரத்தில் மேரிலாந்தின் முதலாண்டு மாணவர் ஃபிராங்க் அர்சோ கோல் போட, மேரிலாந்து 10–9 என்று வென்றது. ஒரே ஒரு கோலில் பட்டத்தை இழந்த ஹாப்கின்ஸ் ஓராண்டு உழைத்தது. 1974இல் மீண்டும் அதே இறுதி ஆட்டம், அதே எதிரணி. இம்முறை ஹாப்கின்ஸ் 17–12 என்று வென்றது. 1955 முதல் அவ்வணியைப் பயிற்றுவித்த பாப் ஸ்காட் அந்த வெற்றியோடு பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடைபெற்றார். முந்திய ஆண்டின் தோல்வி இல்லையேல் அந்த வெற்றிக்கு அத்தனை சுவை இருந்திருக்குமா?

மேரிலாந்தின் கதை பொறுமையின் கதை. 1975இல் பட்டம் வென்றபின் அடுத்த பட்டத்திற்கு அது காத்திருந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகள். இடையில் ஒன்பது இறுதி ஆட்டங்களில் தோற்றது. 1979இல் தோற்றது ஹாப்கின்ஸிடமே. 2012இல் வென்ற அணியோ, பால்டிமோரில் இயேசு சபையினர் நிறுவிய லொயோலா பல்கலைக்கழகம். ஆயினும் மேரிலாந்து ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2017இல் பட்டம் மீண்டும் வந்தது. 2022இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பதினெட்டையும் வென்று மறுபடியும் பட்டம் பெற்றது.

இக்கதையில் நம் மனத்தைத் தொடும் நிகழ்ச்சி இனிமேல்தான். லாக்ராஸில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்பதையே ஹாப்கின்ஸ் நெடுங்காலம் பெருமையாகக் கொண்டிருந்தது. 2014இல் மேரிலாந்து ‘பிக் டென்’ என்னும் கூட்டமைப்பிற்கு மாறியது. அங்கே லாக்ராஸ் ஆடும் ஆண்கள் அணிகள் ஐந்தே. அக்கூட்டமைப்பில் வெல்பவருக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்க ஆறாவது அணி தேவை. அந்த ஆறாவது அணியாக, லாக்ராஸுக்கு மட்டும், ஹாப்கின்ஸ் வந்து சேர்ந்தது. பழைய போட்டியாளன் வந்து நின்றதால் எல்லாருக்கும் வழி திறந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஆட்டங்களை நிறுத்தியது. அவ்வாண்டு இருவரும் சந்திக்கவில்லை. களம் இருந்தது, தடி இருந்தது, பந்து இருந்தது. எதிரே நிற்க ஆள் இல்லை. எனவே ஆட்டமும் இல்லை.

நம் இல்லங்களுக்கு வருவோம். அடுத்த வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றால் நம் முகம் ஏன் வாடுகிறது? அண்ணன் வீடு கட்டினால் தம்பி குடும்பத்தில் உறக்கம் ஏன் கெடுகிறது? “அவனைப் பார்” என்று பிள்ளையிடம் சொல்கிறோம். அச்சொல்லை ஊக்கமாகவும் சொல்லலாம், நஞ்சாகவும் சொல்லலாம். “அவனைப் போல் உழை, தேர்வு முடிந்ததும் அவனோடு சேர்ந்து விளையாடு” என்றால் அது போட்டி. “அவன் எப்படியாவது தோற்கட்டும்” என்று உள்ளம் முணுமுணுத்தால் அது பகை. பிள்ளைகள் நம் வாய்ச்சொல்லை மட்டுமல்ல, அந்த முணுமுணுப்பையும் கேட்டுவிடுகிறார்கள்.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பர். அந்த இன்னொரு வல்லவன் நம்மைத் தாழ்த்த வந்தவன் அல்லன். நம் சோம்பலை நமக்குக் காட்ட வந்தவன். அமெரிக்கக் கல்லூரி லாக்ராஸில் ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக வந்து கைகுலுக்கிக்கொள்வது வழக்கம். வென்றவன் கையும் தோற்றவன் கையும் ஒரே அளவு களைத்திருக்கும். நம் தெருவிலும் நம் உறவுக்குள்ளும் நீட்டப்படாத கை ஏதேனும் உண்டா என்று இம்மாதம் எண்ணிப் பார்ப்போம். இருந்தால், முதலில் நீள்வது நம் கையாக இருக்கட்டும்.