எதிர்ப்பு மனுவுக்கு எதற்குக் கட்டணம்?

ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை, நோவார்டிஸ் நிறுவனத்தின் விலையில் மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.1.2 லட்சமாக இருந்தது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் ரூ.10,000 அளவில் விற்றன. அந்த மலிவு நிலைத்ததற்குக் காரணம், 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்ததுதான்.

நிறுவனம் உரிமை கோரியது புதிய மருந்துக்கு அல்ல. ஏற்கெனவே அறியப்பட்ட மருந்தின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. அது உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றார்கள். சேரட்டும், நோய் கூடுதலாகக் குணமாகிறதா? காப்புரிமைச் சட்டத்தில் 2005-ல் திருத்தப்பட்ட 3(டி) பிரிவை முன்வைத்து உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இதைத்தான். 2013 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானது.

சென்னையில் எதிர்ப்பு மனு போட்டவர்களில் மருந்து நிறுவனங்களுடன் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் இருந்தது. காப்புரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்கிறது 25(1) பிரிவு. காசநோய் மருந்தான பெடாகுயிலினின் உரிமையை 2027 வரை இழுக்க நடந்த முயற்சி 2023-ல் தோற்றதற்கும், அந்நோயிலிருந்து மீண்ட இருவர் கொடுத்த மனு ஒரு காரணம்.

இந்த வழியில்தான் 2024 மார்ச்சில் வந்த விதிகள் வேலி போட்டிருக்கின்றன. இலவசமாக இருந்த மனுவுக்கு இப்போது கட்டணம். மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார்; விண்ணப்பதாரர் பதில் சொல்லும் கட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். வேண்டுமென்றே இழுத்தடிக்கும் மனுக்கள் வருவது உண்மை. உழைத்துக் கண்டுபிடித்தவருக்கு அது அநீதியும்கூட. அதற்கு மருந்து, விசாரணைக்குக் கறாரான கெடு வைப்பது. வாசலில் காசு வாங்கினால் பணக்காரப் போட்டி நிறுவனம் கட்டிவிட்டு உள்ளே போகும்; நோயாளிதான் வெளியே நிற்பார்.

எதிர்ப்பு மனுக்கள் குறைந்து காப்புரிமை விண்ணப்பங்களின் ஆய்வு தளர்ந்தால் கண்டுபிடிப்பாளருக்கும் நட்டம்தான். அமெரிக்காவில் 1793 முதல் ஆய்வே இல்லாமல், 30 டாலர் கட்டியவருக்கெல்லாம் காப்புரிமையைப் பதிந்து கொடுத்தார்கள். ஒரே பொருளுக்குப் பலர் உரிமை கொண்டாடி நீதிமன்றம் ஏறினார்கள். 1836-ல் ஆய்வாளர்களை நியமித்த பிறகே நிலைமை சீரானது.

நோயாளிகளுக்கும் அவர்களுக்காக வாதாடும் அமைப்புகளுக்கும் மத்திய அரசு இந்தக் கட்டணத்தை உடனே நீக்க வேண்டும். எதிர்த்தரப்பின் பதிலைப் பெறாமல் எந்த மனுவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.